உடல் சூட்டை மறைக்கும் துணி!

இரவு மணி பன்னிரண்டு. அமாவாசை இருட்டு. காட்டோரத்தில் ஒரு ஜவான் நிற்கிறார். கறுப்பு உடை, முகத்தில் கரி பூசியிருக்கிறார். பத்தடி தூரத்தில் நீங்கள் நின்றாலும் அவர் இருப்பது உங்களுக்குத் தெரியாது.

ஆனால், தலைக்கு மேலே பறக்கும் ஒரு சின்னஞ்சிறு ஆளில்லா விமானத்துக்கு அவர் நன்றாகத் தெரிகிறார்! தலை, தோள், கை, கால் எல்லாம் வெள்ளை வெளேர் என்று அதன் திரையில் விழுகின்றன. அந்தக் காமிராவுக்கு வெளிச்சம் தேவையில்லை. அவருடைய உடம்பின் சூடே அதற்குப் போதும்.

இந்தச் சூட்டை மறைக்க முடியுமா? முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். தலைமயிரைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லிய இழைகளால் ஆன துணிகளை அதற்காகச் சோதனைச்சாலைகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் துணிக்குள்ளே இருக்கும் மனிதனின் கதி என்ன? நம் தீவுகளைப் போன்ற புழுக்கமான இடத்தில் இந்தக் கேள்விதான் முக்கியமானது.

மனிதன் ஒரு விளக்கு

சூடான பொருள் எதுவானாலும் அது கதிர் வீசும். கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு சிவப்பாகத் தெரிகிறது. வெளியே எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடுகிறது. ஆனால் கையைக் கிட்டே கொண்டுபோனால் அனல் அடிக்கிறது அல்லவா? கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இன்னும் அதிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

இந்தக் கதிர்களை முதலில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் நிபுணர். 1800ல் அவர் சூரிய ஒளியைப் பட்டகத்தால் ஏழு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் மற்றவற்றைவிட அதிகச் சூடு காட்டியது. இந்தக் கதிர்களைத்தான் அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

மனிதத் தோலின் சூடு சுமார் 33, 34 டிகிரி சென்டிகிரேடு. இந்தச் சூட்டில் நம் உடம்பு வீசும் கதிரின் அலைநீளம் 9.4 மைக்ரான் அளவில் உச்சமாக இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரிவது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். ஆகவே நாமெல்லாரும் இரவும் பகலும் விளக்காக எரிந்துகொண்டிருந்தாலும் ஒருவருக்கொருவர் அதைப் பார்க்க முடிவதில்லை.

காற்று எல்லாக் கதிர்களையும் தடையின்றி விடுவதில்லை. 3 முதல் 5 மைக்ரான் வரையிலும், 8 முதல் 14 மைக்ரான் வரையிலும் உள்ள கதிர்கள் நன்றாக ஊடுருவுகின்றன. காற்றிலுள்ள இந்த இரண்டு ஜன்னல்கள் வழியாகத்தான் வெப்பக் காமிராக்கள் பார்க்கின்றன. நம் உடம்பின் கதிர் இரண்டாவது ஜன்னலில் சரியாக வந்து விழுகிறது.

இந்தக் காமிராவின் உலகம் விசித்திரமானது. கறுப்புப் பாலிதீன் பைக்குள் கையை விட்டால் நம் கண்ணுக்குக் கை தெரியாது, காமிராவுக்குத் தெரியும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர் நமக்குத் தெரிவார், காமிராவுக்குத் தெரியமாட்டார். கண்ணை ஏமாற்றும் திரை வேறு. காமிராவை ஏமாற்றும் திரை வேறு.

காக்கி வந்த கதை

போர்வீரன் தன்னை மறைத்துக்கொள்வது ஒரு காலத்தில் கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் ரத்தச் சிவப்பில் கோட்டு அணிந்து அணிவகுத்தார்கள். 1846ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் அமைத்த 'கைட்ஸ்' படைதான் மண் நிற உடைக்கு வழிகாட்டியது. 'காக்' என்றால் பாரசீக மொழியில் புழுதி. அதிலிருந்து வந்ததே காக்கி. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தின்போது சிவப்புக் கோட்டு களத்திலிருந்து விடைபெற்றுவிட்டது.

பின்னர் பச்சையும் பழுப்பும் கலந்த புள்ளி உடைகள் வந்தன. இரவில் பார்க்கும் கருவிகள் வந்தபோது, சாயத்திலும் கவனம் செலுத்த வேண்டியதாயிற்று. இலை தழைகள் அகச்சிவப்பின் ஒரு பகுதியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் தன்மை உடையவை. அதே அளவு திருப்பி அனுப்பாத சாயம் தோய்த்த உடை, பகலில் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தக் கருவியில் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

நம் ராணுவத்தின் புதிய புள்ளி உடை 2022 ஜனவரி 15ல், ராணுவ தினத்தன்று, டில்லி அணிவகுப்பில் அறிமுகமாயிற்று. நூற்றுக்கு 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியெஸ்டர் கலந்த துணி. ராணுவ உடை தைப்பதில் தமிழ்நாட்டுக்கும் நெடுநாளைய பங்கு உண்டு. சென்னையை அடுத்த ஆவடியில் 1961 முதல் ராணுவ உடைத் தொழிற்சாலை இயங்கிவருகிறது. 2021 அக்டோபரிலிருந்து அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற அரசுக் கம்பெனியின் கீழ் வந்துவிட்டது.

ஆனால் எந்த நாட்டு உடையானாலும் சாதாரணப் பருத்தியும் பாலியெஸ்டரும் உடல் சூட்டை மறைக்க மாட்டா. சட்டை உடம்பை ஒட்டியிருக்கிறது. உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. தானும் கதிர் வீசுகிறது.

டம்ளர் சொல்லும் பாடம்

சூட்டை மறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிப்பக்கம் சூடாகாமல் தடுப்பது. கம்பளி, பஞ்சு மெத்தை ஆகியவற்றின் வேலை அது. இரண்டாவது வழி சுவாரசியமானது.

சுடச்சுட காப்பி ஊற்றிய பளபளப்பான எவர்சில்வர் டம்ளரை வெப்பக் காமிராவில் பாருங்கள். காப்பி பிரகாசமாகத் தெரியும். டம்ளரோ சூடே இல்லாததுபோல மங்கித் தெரியும்! கையால் தொட்டால் சுடுகிறது. காமிராவோ குளிர்ந்திருக்கிறது என்கிறது. காரணம், மெருகிட்ட உலோகம் கதிர் வீசுவதில் மகா கஞ்சன். மனிதத் தோல் வீசக்கூடிய கதிரில் 100க்கு 98 பங்கை வீசிவிடுகிறது. மெருகிட்ட அலுமினியம் 5 பங்குகூட வீசுவது அரிது. மீதிக்குச் சுற்றுப்புறத்தின் கதிரைத்தான் அது கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது.

அப்படியானால் அலுமினியத் தகட்டைச் சுற்றிக்கொண்டால் போதாதா? போதாது. அது சரசரவென்று சத்தம் போடும், பகலில் பளிச்சிடும், காற்று நுழையாது. அரைமணி நேரத்தில் உள்ளே இருப்பவர் தொப்பலாக நனைந்துவிடுவார். அவரை மறைக்கலாம், ஆனால் அவரால் நடக்க முடியாது.

மின்சாரம் நூற்கும் இழை

இங்கேதான் நானோ இழை வருகிறது. ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மனிதத் தலைமயிரின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். நானோ இழையின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 500 நானோமீட்டர். ராட்டையிலோ ஸ்பின்னிங் மில்லிலோ இதை நூற்க முடியாது. மின்சாரத்தால்தான் நூற்க வேண்டும்.

முறை எளிது. பிளாஸ்டிக்கைத் தகுந்த திரவத்தில் கரைத்து, ஊசி போடும் சிரிஞ்சில் நிரப்புகிறார்கள். ஊசிக்கும் எதிரே உள்ள தகட்டுக்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தருகிறார்கள். (நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.) ஊசி முனையில் திரண்ட சொட்டை மின்சாரம் பிடித்து இழுக்கிறது. சொட்டு கூம்பாகிறது, கூம்பின் நுனியிலிருந்து மெல்லிய தாரை பீறிடுகிறது. அது சாட்டைபோலச் சுழன்று, நீண்டு, காய்ந்து, தகட்டில் இழையாகப் படிகிறது. பார்ப்பதற்குச் சிலந்தி வலையைப் பல அடுக்காக விரித்தாற்போல இருக்கும்.

இந்த முறை இன்று நேற்று வந்ததல்ல. 1934ல் அன்டன் ஃபோர்ம்ஹால்ஸ் என்பவர் இதற்குப் பேட்டன்ட் உரிமை பெற்றார். 1930களின் கடைசியில் சோவியத் விஞ்ஞானிகள் விஷவாயு முகமூடிகளுக்கு இத்தகைய இழைகளால் வடிகட்டி செய்தார்கள். பிறகு பல ஆண்டுகள் மூலையில் கிடந்த இந்தக் கலை, 1990களில்தான் புத்துயிர் பெற்றது.

இந்த இழைப்படலத்தில் வெள்ளியையோ மற்ற உலோகத்தையோ மெல்லப் பூசினால் அது எவர்சில்வர் டம்ளரின் குணத்தைப் பெறுகிறது. 2011ல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த 'மேக்சீன்' என்ற பொருளையும் பூசிப் பார்க்கிறார்கள். டைட்டானியமும் கரியும் சேர்ந்த மிக மெல்லிய ஏடுகள் அவை.

அலுமினியத் தகட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இழைகளுக்கு நடுவே கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன. மழைத்துளி அவற்றில் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறுவதற்குப் போதுமான அளவுக்குப் பெரியவை. உலோகம் பூசியிருப்பதால் மின்சாரமும் பாயும். குளிர்ப் பிரதேசத்தில் பாட்டரியை இணைத்தால் துணியே கதகதப்புத் தரும். மழை தாங்கும், ஆவி விடும், சூட்டை மறைக்கும், தேவையானால் சூடு தரும். ஒரே துணி பல வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகள் இதைப் பாராட்டுவதற்குக் காரணம் இதுவே.

அந்தமானில் என்ன ஆகும்?

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) 2001ல் நாட்டின் முதல் முப்படைக் கூட்டுத் தலைமை அமைந்தது. காம்ப்பெல் பே, டிக்லிபூர் வரை கடற்படையின் விமானத் தளங்கள் இருக்கின்றன. காட்டிலும் கடற்கரையிலும் இரவுக் காவல் இங்கே அன்றாட வேலை. ஆகவே இந்தத் துணியைப் பற்றிய கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல.

முதல் சிக்கல், 'மறைவது' என்பதன் பொருளில் இருக்கிறது. மறைவது என்றால் குளிர்ந்து தெரிவது அல்ல; சுற்றுப்புறத்தோடு ஒத்துத் தெரிவது. இங்கே இரவிலும் காடு 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. தோலின் சூட்டுக்கும் மரத்தின் சூட்டுக்கும் வித்தியாசம் பத்து டிகிரிக்குள்தான். லடாக்கின் பனியில் நிற்பவருக்கு இது ஐம்பது டிகிரியையும் தாண்டும். அதனால் நம் வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல காமிரா ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டிவிடும்!

மேலும், உலோகம் பூசிய துணி தனக்கு எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். மேகமில்லாத வானம் வெப்பக் காமிராவுக்குக் காட்டைவிடக் குளிர்ந்து தெரியும். திறந்தவெளியில் அந்த வானத்தைப் பிரதிபலிக்கும் வீரர், சூடான வெள்ளை உருவமாகத் தெரியாமல் குளிர்ந்த கறுப்பு உருவமாகத் தெரிந்துவிடுவார். வெள்ளையோ கறுப்போ, ஆள் உருவம் ஆள் உருவம்தானே? அதனால்தான் ஒரே அளவாகப் பூசாமல், சில இடத்தில் அதிகம் வீசுவதும் சில இடத்தில் குறைவாக வீசுவதுமாகத் திட்டுத் திட்டாகத் துணியை அமைக்கிறார்கள். புள்ளி உடையின் அதே தந்திரம் வெப்பத்திலும் கையாளப்படுகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடுமையானது. அது வியர்வை.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் வெளிவிடுகிறான். மூட்டை சுமந்து மேட்டில் ஏறினால் அது நான்கைந்து மடங்காகிறது. இந்த வெப்பம் எப்படியாவது வெளியே போயாக வேண்டும். கதிராகப் போகும் வழியை மறைப்புத் துணி அடைத்துவிடுகிறது. அடைப்பதுதானே அதன் வேலை? மிச்சம் இருக்கும் பெரிய வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் வெளிவிடும் வெப்பம் அவ்வளவு!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்த வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. காற்றில் ஈரம் 80 சதவீதம் இருக்கும் இந்தத் தீவுகளில் துணி எவ்வளவு துளை வைத்திருந்தாலும் ஆவி தயங்கித் தயங்கித்தான் போகும். இந்தக் கஷ்டத்தை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2020ல் கொரோனா வந்தபோது டாக்டர்களும் நர்சுகளும் துப்புரவுத் தொழிலாளரும் தலை முதல் கால் வரை மூடிய கவச உடையில் வேலை செய்தார்கள். மணிக்கணக்கில் வியர்வையில் வெந்தார்கள். கிருமியை உள்ளே விடாத உடை வியர்வையையும் வெளியே விடவில்லை. அந்தக் கவச உடைகளைச் சோதித்துச் சான்று வழங்கியவற்றுள் கோவையில் 1956ல் தொடங்கிய 'சிட்ரா' என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் முக்கியமானது.

மூன்றாவது, கடல் காற்று. வெள்ளிப் பாத்திரம் அலமாரியிலேயே கறுத்துப்போவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். மேக்சீன் ஈரத்தில் மெல்ல மெல்லத் துரு ஏறியதுபோலக் கெட்டுவிடும். சோதனைச்சாலையில் ஏ.சி. அறையில் வெற்றி பெற்ற துணி, எட்டு மாத மழையையும் உப்புக் காற்றையும் சலவைக் கல்லையும் தாங்குகிறதா என்பதே உண்மையான பரீட்சை.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

படைக்கருவிகளை மறைக்கும் கலையில் நம் நாடு பின்தங்கி இல்லை. டி.ஆர்.டி.ஓ.வைச் சேர்ந்த ஜோத்பூர் சோதனைச்சாலையும், கான்பூரிலுள்ள ராணுவப் பொருள் ஆராய்ச்சிச் சாலையும் இதில் ஈடுபட்டிருக்கின்றன. கண், வெப்பக் காமிரா, ரேடார் ஆகிய மூன்றையும் ஒருசேர ஏமாற்றும் வலைகள் டாங்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் உருவாக்கப்பட்டுள்ளன. 2024 நவம்பரில் கான்பூர் ஐ.ஐ.டி. 'அனலக்ஷ்யா' என்ற துணியை வெளியிட்டது. ரேடார் அலைகளை விழுங்குவதே அதன் முக்கிய வேலை.

ஆனால் டாங்கிக்கு வலை போடுவது வேறு. மனிதனுக்குச் சட்டை தைப்பது வேறு. டாங்கிக்கு வியர்க்காது. அது உட்காராது, தவழாது. அதன் வலையைத் துவைத்து உலர்த்தவும் தேவையில்லை. இதனால்தான் வலை முன்னே போய்விட்டது. சட்டை இன்னும் பின்னே வந்துகொண்டிருக்கிறது.

மறைவதா, தெரிவதா?

இதே வெப்பக் காமிராவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2022 ஜனவரியில் போர்ட் பிளேரின் ஐ.என்.எஸ். உத்குரோஷ் தளத்தில் ஏ.எல்.எச். மார்க்-3 ஹெலிகாப்டர்கள் சேர்க்கப்பட்டன. அகச்சிவப்பில் பார்க்கும் கருவி அவற்றில் உண்டு. எஞ்சின் பழுதாகி டிங்கியில் அலையோடு மிதக்கும் மீனவருக்கு, அவருடைய உடல் சூடுதான் இரவில் சாட்சி. குளிர்ந்து கிடக்கும் கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

குளிருக்குப் போர்த்தும் அலுமினியம் பூசிய உயிர்காப்புப் போர்வை உடம்பைக் கதகதப்பாக வைக்கும். ஆனால் அதே காரணத்தால் காமிராவிடமிருந்து ஆளை மறைத்தும்விடும். ஆகவே தொழிலுக்குப் போகிறவர்கள் டார்ச்சையும் விசிலையும் ரேடியோவையும் மறக்கக் கூடாது. கடலோரக் காவல்படையின் இலவச அவசர எண் 1554. மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

இன்னொரு விஷயம் நம் தொழிலாளத் தோழர்களுக்கு மகிழ்ச்சி தரும். மறைப்புத் துணிக்கு நேர் எதிரான துணியையும் இதே விஞ்ஞானம் தருகிறது. கறுப்புப் பாலிதீன் பைக்குள் விட்ட கை காமிராவுக்குத் தெரியும் என்று சொன்னோம் அல்லவா? பாலிதீன் உடல் சூட்டைத் தடுக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. 2016ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நுண்துளைகள் உள்ள பாலிதீனில் ஒரு துணி செய்தார்கள். கண்ணுக்கு அது வெள்ளையாக மறைக்கும். உடல் சூட்டையோ தாராளமாக வெளியே விடும். பருத்தியை அணிவதைவிடத் தோல் சுமார் இரண்டு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும் என்று கண்டார்கள்.

இரண்டு டிகிரி என்றால் அற்பம் என்று நினைக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் செய்பவருக்கும், ஜெட்டியில் மூட்டை இறக்குபவருக்கும், ரோட்டில் தார் ஊற்றுபவருக்கும், மின்சாரம் போன மதியத்தில் பைலோடு மல்லாடும் குமாஸ்தாவுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இந்தத் தீவில் வாழும் நம்மிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லையில் நிற்பவருக்குச் சூட்டை மறைக்கும் துணி வேண்டும். வெயிலில் நிற்பவருக்குச் சூட்டை விடும் துணி வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை விஞ்ஞானம் ஒன்றே. ராணுவத்துக்கென்று தொடங்கும் ஆராய்ச்சி, ஒருநாள் அபர்டீன் பஜார் ஜவுளிக் கடையில் நமக்குக் கட்டுபடியாகும் விலைக்கு ஒரு சட்டையாகவும் வந்து தொங்குமானால், விஞ்ஞானிகள் பட்ட பாடு முழுப் பலன் தந்ததாகும்.